பங்காளிச் சண்டையும் பம்பாய்ப் போர்க்கப்பலும்: போர்க்கப்பல் ராஜதந்திரம் குறித்து ஓர் அறிமுகம்

போர்க்கப்பல் ராஜதந்திரம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர் அரசு, போரை அறிவிக்காமலேயே தன் கடற்படையை இன்னோர் அரசின் கண்ணில் படும்படி கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தக் கப்பல் அங்கே நிற்கும் நேரத்தில் கடிதம், தூது, உடன்படிக்கை ஆகியவற்றின் மூலம் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. பீரங்கி வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். வெடிக்காமல் காரியம் முடிந்தால்தான் அந்த உத்தி முழுமையாக வென்றது என்று பொருள்.

இந்த விளக்கத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு வலிய நாடும் ஒரு எளிய நாடும் எதிரெதிரே நிற்கும் காட்சியே மனதில் எழும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அரபிக்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் பிரிட்டிஷ் கப்பல்கள் பல தருணங்களில் நின்றது, தம்முள் பகைத்துக்கொண்ட இரண்டு அரபு ஆட்சியாளர்களுக்கு நடுவில். சண்டை அவர்களுடையது, கடல் மட்டும் பிரிட்டிஷாரின் பிடியில் இருந்தது. அத்தகைய நிலையில் கப்பல் வெறும் மிரட்டலாக இல்லாமல் நடுவர் மன்றமாகவும் மாறிவிடுகிறது. இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, 1856க்கும் 1861க்கும் இடையில் ஓமானின் மஸ்கட்டுக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்கும் நடந்த வாரிசுப் பிணக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஓமானை அரை நூற்றாண்டு காலம் ஆண்ட சயீத் பின் சுல்தான், அரபு மண்ணில் இருந்த தன் நாட்டோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் பெரும்பகுதியையும் ஒரே ஆட்சியின் கீழ் வைத்திருந்தவர். 1830களிலிருந்து அவர் தன் அவையை மெல்ல மெல்லச் சான்சிபார் தீவுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே கிராம்புத் தோட்டங்கள் பெருகின. தந்தமும் அடிமைகளும் அந்தத் துறைமுகத்தின் வழியே கைமாறினர். சுங்க வருவாயைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் கட்ச் பகுதியிலிருந்து சென்ற குஜராத்தி வணிகர்கள். ஒரு தலைமுறைக்குள் ஆப்பிரிக்கப் பகுதி செல்வம் கொழிக்கும் பகுதியாகவும், குடும்பத்தின் பூர்வீக மண்ணான ஓமான் வருவாய் குறைந்த பகுதியாகவும் ஆகிவிட்டன. பின்னால் வந்த சிக்கலுக்கெல்லாம் வேர் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

1856 அக்டோபரில் மஸ்கட்டிலிருந்து சான்சிபாருக்குத் திரும்பும் வழியில், சேஷல்ஸ் தீவுகளுக்கு அருகே கப்பலிலேயே சயீத் இறந்தார். அப்போது அவருடைய மகன் துவைனி மஸ்கட்டில் தந்தையின் சார்பில் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். வேறொரு தாய்க்குப் பிறந்த இளையவர் மாஜித் சான்சிபாரில் அதே பொறுப்பில் இருந்தார். மூன்றாமவர் துர்க்கி ஓமானின் சோஹார் நகரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு அடங்காமல் இருந்தார். நான்காமவர் பர்காஷ் தந்தை இறந்த கப்பலில் உடனிருந்தவர். சான்சிபாரில் மாஜித்தின் இடத்தின்மீது அவருக்கு ஒரு கண் இருந்தது. ஆக, இருந்த இடத்தில் இருந்தவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்பதே உண்மை நிலவரம். நம் ஊர் வழக்கில் சொன்னால், பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்படாமலேயே பங்காளிகள் ஆளுக்கொரு வீட்டில் குடியேறிவிட்டார்கள். அதில் வயல் முழுவதும் ஒருவருக்குப் போய்விட்டது.

முதலில் பேச்சுவார்த்தையில்தான் இது தீரும் என்று தோன்றியது. மாஜித் ஆண்டுதோறும் 40,000 வெள்ளியை மஸ்கட்டுக்கு அனுப்புவது என்று ஓர் ஏற்பாடு உண்டானது. வெள்ளி என்று இங்கே குறிப்பிடுவது மரியா தெரசா உருவம் பொறித்த ஆஸ்திரிய நாணயம்; செங்கடலிலிருந்து சான்சிபார்வரை வணிகர்கள் நம்பி வாங்கிய பணம் அது. தொகையில் தகராறு எழவில்லை, பெயரில்தான் எழுந்தது. அந்தப் பணத்தைத் துவைனி கப்பம் என்று கருதினார். கப்பம் செலுத்துபவர் கீழ்ப்பட்ட சிற்றரசர் என்பதால், சான்சிபாரும் தன் ஆட்சிக்கு உட்பட்டதே என்பது அவருடைய வாதம். மாஜித்தோ அது அண்ணனுக்குத் தம்பி தன் விருப்பத்தின்பேரில் கொடுக்கும் உதவி என்றும், அண்ணன் சோஹாரில் இருக்கும் துர்க்கியைத் தாக்காமல் இருக்கும்வரைதான் அது தொடரும் என்றும் கொண்டார். ஒரே பணப்பைக்கு இரண்டு பெயர்கள் இருந்தபோது பணம் வெகுநாள் போய்ச் சேரவில்லை. கொடுப்பது நின்றது, துவைனி படை திரட்டினார்.

இந்த இடத்தில் காற்றைப் பற்றிச் சிறிது பேசியாக வேண்டும். மஸ்கட்டிலிருந்து சான்சிபார் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவு. அரபுப் பாய்மரக் கப்பல்கள் அந்தத் தூரத்தை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், அதாவது ஏறக்குறைய டிசம்பர் முதல் மார்ச் வரை, தெற்கு நோக்கிக் கடக்கும். தென்மேற்குக் காற்று எழுந்த பிறகே வடக்கே திரும்பும். வணிகமும் தூதும் போரும் இந்த நாட்காட்டிக்கு உட்பட்டவை. பருவத்தின் கடைசி வாரங்களில் ஒரு படையைச் சில நாட்கள் தாமதப்படுத்தினாலே, அந்தப் படை அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் திரட்டிய பழங்குடிப் படைவீரர்கள் கலைந்துபோவார்கள், உணவுக்கும் கூலிக்கும் வைத்திருந்த பணம் கரைந்துபோகும். பம்பாயில் நிலைகொண்டிருந்த இந்தியக் கடற்படையிடமோ நீராவிக் கப்பல்கள் இருந்தன. நிலக்கரி கையிருப்பில் இருக்கும்வரை அவை எந்த மாதத்திலும் எந்தத் திசையிலும் செல்ல முடிந்தது. காற்றை நம்பியிருப்பவருக்கும் காற்றை நம்பத் தேவையில்லாதவருக்கும் இடையில் பிணக்கு எழுந்தால், பின்னவர் ஒரு குண்டும் சுடாமல் முன்னவரைத் தோற்கடித்துவிடலாம். பீரங்கிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுபவர்கள் இந்தக் காலக்கணக்கை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

1859 பிப்ரவரியில் துவைனியின் கப்பல் அணி சான்சிபாரை நோக்கிப் புறப்பட்டது. பம்பாய் ஆளுநராக இருந்த எல்பின்ஸ்டன் பிரபு அதைத் தடுக்கும்படி ஒரு போர்க்கப்பலை அனுப்பினார். அரபுத் தீபகற்பத்தின் கிழக்கு முனையான ராஸ் அல் ஹத் பக்கத்தில் அந்தக் கப்பல் துவைனியைச் சந்தித்தது. அவரிடம் கொடுக்கப்பட்ட கடிதத்தின் சாரம் இதுதான்: கடலில் படை நடத்துவதைப் பிரிட்டிஷ் அரசு ஏற்காது, உமக்கு நியாயம் இருந்தால் அதை நடுவரிடம் எடுத்துச் சொல்லும். பீரங்கிகள் பொருத்திய நீராவிக் கப்பலிலிருந்து வந்த இந்த அறிவுரையை மறுப்பதற்கு அவருக்கு வழி எதுவும் இருக்கவில்லை. அவர் மஸ்கட்டுக்குத் திரும்பி, பிணக்கை இந்திய வைஸ்ராயின் தீர்ப்புக்கு விடச் சம்மதித்தார்.

பிரிட்டிஷாருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பது நியாயமான கேள்வி. 1857இல் தொடங்கிய பெரும் கிளர்ச்சி அப்போதுதான் அடங்கியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கையிலிருந்து ஆட்சி நேரடியாக அரசிக்கு மாறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அத்தகைய நேரத்தில் இந்தியாவுக்கு வரும் கடல்வழியில் இன்னொரு கொந்தளிப்பை அவர்கள் விரும்பவில்லை. சான்சிபாரின் வணிகம் பெரும்பாலும் இந்திய வணிகர்களின் கையில் இருந்தது. அவர்களில் பலர் பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உரியவர்களாகக் கருதப்பட்டனர். அடிமை வணிகத்தை ஒடுக்கும் முயற்சிக்கும் அங்கே நிலையான ஓர் ஆட்சி தேவைப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரான்சைப் பற்றிய அச்சம் இருந்தது. ரீயூனியன் தீவைக் கையில் வைத்திருந்த பிரான்சு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைத் தேடி அந்தக் கரைப்பக்கம் அலைந்துகொண்டிருந்தது. சகோதரர்கள் அடித்துக்கொண்டால் ஒருவர் பிரெஞ்சுக்காரரின் உதவியை நாடக்கூடும் என்பது வெறும் கற்பனை இல்லை.

அதே 1859இல் சான்சிபாரிலேயே பர்காஷ் கிளர்ந்தெழுந்தபோது பிரெஞ்சுத் தூதரின் ஆதரவு அவருக்கு இருந்தது. பிரிட்டிஷ் தூதர் ரிக்பி, துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து மாலுமிகளை மாஜித்துக்குத் துணையாகக் கரையிறக்கினார். பர்காஷ் சரணடைந்து பம்பாய்க்கு அனுப்பப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அந்தக் கிளர்ச்சியில் அவருக்காகக் கடிதங்கள் எழுதிக்கொடுத்த சகோதரி சல்மே, பின்னாளில் ஜெர்மானியர் ஒருவரை மணந்து எமிலி ரூட்டே என்ற பெயரில் தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். அண்ணன் தம்பிகளின் அரசியலில் சகோதரிகளுக்கும் பங்கு இருந்தது என்பதை அரசு ஆவணங்களைவிட அவருடைய எழுத்து நன்றாகக் காட்டுகிறது. நமக்கு இங்கே முக்கியமானது வேறு. நடுவராக அமரவிருந்த அரசு, தீர்ப்புக்கு முன்பே வழக்கில் ஒரு தரப்பினரின் அரியணையைத் தன் மாலுமிகளைக் கொண்டு காப்பாற்றியிருந்தது.

விசாரணைப் பொறுப்பு ஏடனில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக, அதாவது அரசின் அரசியல் பிரதிநிதியாக, இருந்த கோக்லனிடம் ஒப்படைக்கப்பட்டது. அரபு மொழி அறிந்த பாதிரியார் பேட்ஜர் அவருக்குத் துணையாக இருந்தார். அவர்கள் 1860இல் இரண்டு ஊர்களுக்கும் சென்று, இரண்டு தரப்பினரின் வாதங்களையும் கேட்டுப் பதிந்தார்கள். கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் எளியது: சயீதின் நாடு பிரிக்கக்கூடாத ஒன்றா, அப்படியானால் அது மூத்தவருக்கே உரியதா? விடை அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. ஓமானிய மக்களில் பெரும்பாலோர் பின்பற்றிய இபாதி என்ற இஸ்லாமியப் பிரிவின் மரபில் தலைமைக்கு உரியவரான இமாம், சமூகத்தால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர். தந்தைக்குப் பின் மூத்த மகன் என்ற விதி அந்த மரபில் கிடையாது. நடைமுறையிலோ வலிமை உள்ளவர் ஆட்சியைப் பிடிப்பதும், பழங்குடித் தலைவர்கள் அவரை ஏற்றுக்கொள்வதும் என்றே வரலாறு சென்றிருந்தது. சயீத் 1844இல் லண்டனுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ஆப்பிரிக்கப் பகுதிக்குத் தன் மகன் காலித் என்றும் ஓமானுக்குத் துவைனி என்றும் குறிப்பிட்டிருந்தார். காலித் தந்தைக்கு முன்பே இறந்துவிட, அந்த இடத்துக்கு மாஜித் வந்தார். தந்தையே பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று இதை வாசிக்கலாம். நிர்வாக வசதிக்காகச் சொன்னது என்றும் வாசிக்கலாம். கோக்லன் முதல் வாசிப்பின் பக்கம் சாய்ந்தார். சான்சிபார் மக்கள் மாஜித்தை ஆட்சியாளராக ஏற்றுக்கொண்டதையும் அவர் தம் முடிவுக்கு ஆதாரமாகக் கொண்டார்.

வைஸ்ராய் கேனிங் பிரபு 1861 ஏப்ரல் 2ஆம் நாள் தீர்ப்பை அறிவித்தார். மாஜித் சான்சிபாருக்கும் ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கும் ஆட்சியாளர் என்று உறுதி செய்யப்பட்டார். சான்சிபாரின் ஆட்சியாளர் மஸ்கட்டின் ஆட்சியாளருக்கு ஆண்டுதோறும் 40,000 வெள்ளி கொடுக்க வேண்டும். நின்றுபோன இரண்டு ஆண்டுகளின் பாக்கியாக 80,000 வெள்ளியும் கொடுக்க வேண்டும். இதோடு நிறுத்தியிருந்தால் பழைய பெயர்ச் சண்டை திரும்பவும் கிளம்பியிருக்கும். எனவே தீர்ப்பு அந்தப் பணத்தின் தன்மையையும் விளக்கியது: இது சான்சிபார் மஸ்கட்டுக்குக் கீழ்ப்பட்டது என்பதற்கு அடையாளம் அன்று, இரண்டு தனிமனிதர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலும் அன்று, சான்சிபார்மீதான உரிமையை மஸ்கட் விட்டுக்கொடுப்பதற்கும், இரண்டு பங்குகளுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வதற்கும் உரிய நிலையான ஈடு, பின்வரும் வாரிசுகளையும் கட்டுப்படுத்துவது. இரண்டு சகோதரர்களும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டனர். ஒரு நாடு இரண்டானது.

இதைக் கட்டப்பஞ்சாயத்து என்று சொல்லிவிடலாமா? ஆள்பலத்தோடு வந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதைத்தானே நாம் அப்படி அழைக்கிறோம். நடுவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை துவைனிக்கு இருக்கவில்லை; வழக்கில் நடுவருக்கே ஆதாயம் இருந்தது; மறுத்தால் கடல் அடைக்கப்படும் என்பதும் சொல்லாமலே விளங்கியது. இவ்வளவும் அந்தப் பெயருக்குப் பொருந்துகின்றன. ஆயினும் விசாரணை உண்மையிலேயே நடந்தது, எதிர்த்தரப்பின் வாதம் ஆவணமானது, தோற்றவருக்கும் ஆண்டு வருவாய் ஒன்று உறுதியானது. முழுக் கட்டப்பஞ்சாயத்தாக இருந்திருந்தால் கோக்லன் மஸ்கட்டுக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை. என் கணிப்பில், விசாரணையின் நேர்மையும் கப்பலின் பயமுறுத்தலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கப்பல் இல்லையென்றால் விசாரணைக்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள். விசாரணை இல்லையென்றால் கப்பல் பருவத்துக்குப் பருவம் ராஸ் அல் ஹத்திலேயே காவல் நிற்க வேண்டியிருந்திருக்கும். மறு ஆண்டு, 1862 மார்ச்சில், இரண்டு ஆட்சியாளர்களின் சுதந்திரத்தையும் மதிப்பதாகப் பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக அறிவித்தன. பிரிவினைக்கு ஐரோப்பிய முத்திரையும் விழுந்தது.

இதே உத்தியின் கடுமையான முகத்தைப் பஹ்ரைனில் பார்க்கலாம். வளைகுடாவில் 1853இல் கையெழுத்தான நிரந்தரக் கடல் அமைதி ஒப்பந்தமும், 1861இல் பஹ்ரைன் ஆட்சியாளர் தனியே செய்துகொண்ட உடன்படிக்கையும், கடல்வழித் தாக்குதலை விலக்கியிருந்தன. முத்துக்குளிக்கும் பருவத்தில் படகுகள் அச்சமின்றிச் செல்ல வேண்டும் என்பதே இத்தகைய ஏற்பாடுகளின் தொடக்க நோக்கம். அதையும் மீறி, 1867இல் பஹ்ரைன் ஆட்சியாளர் முஹம்மது பின் கலீஃபா, அபுதாபியின் துணையோடு கத்தாரின் தோஹாவையும் வக்ராவையும் கடல்வழியே தாக்கிச் சூறையாடினார். மறு ஆண்டு கத்தார் மக்கள் பதிலுக்குப் படகேறினர். பாரசீகக் கரையின் புஷேர் துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் லூயிஸ் பெல்லி 1868 செப்டம்பரில் போர்க்கப்பல்களோடு பஹ்ரைனுக்கு வந்தார். முஹம்மது அதற்குள் தப்பியோடிவிட, அவருடைய போர்ப்படகுகள் அழிக்கப்பட்டன, முஹர்ரக்கில் இருந்த கோட்டை தகர்க்கப்பட்டது, தம்பி அலி ஆட்சியாளராக ஏற்கப்பட்டார், 1 லட்சம் வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. சில நாட்களுக்குள் பெல்லி கத்தாரின் முஹம்மது பின் தானியிடமும் கையெழுத்து வாங்கினார். கத்தார் தனித்த ஓர் அரசியல் அலகாக உருவெடுத்த வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கையெழுத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். யாரிடம் கையெழுத்து வாங்கப்படுகிறதோ அவர் ஆட்சியாளர் ஆகிவிடுகிறார் என்பதால், நடுவர் பிணக்கைத் தீர்ப்பதோடு பிணக்கின் தரப்புகளையும் தாமே உருவாக்கிவிடுகிறார்.

ஆனால் கப்பலின் அதிகாரம் அலை தொடும் இடத்தோடு நின்றுபோகிறது. பிரிட்டிஷார் விலக்கியது கடற்போரை. தரையில் நடப்பவற்றில் அவர்கள் பொதுவாகத் தலையிடவில்லை. இதனால் படகை நம்பியவர் கட்டுப்பட்டார், ஒட்டகத்தை நம்பியவர் கட்டுப்படவில்லை. மஸ்கட்டின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று. துவைனி 1866இல் சோஹாரில் தன் மகன் சாலிமின் கையாலேயே கொல்லப்பட்டார். தந்தையைக் கொன்றவனுக்குப் பணம் அனுப்பமாட்டேன் என்று மாஜித் மறுக்க, தீர்ப்பு தனிமனிதர்களைச் சார்ந்தது அன்று என்று இந்திய அரசு அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டுகளில், உள்நாட்டுப் பழங்குடிகளின் ஆதரவோடு வந்த அஸ்ஸான் பின் கைஸ், சாலிமை விரட்டிவிட்டு இமாமாகப் பொறுப்பேற்றார். தரைவழியே வந்த இந்தப் படையின் குறுக்கே எந்த நீராவிக் கப்பலும் நிற்க முடியவில்லை. ஆனால் இமாமுக்குப் பிரிட்டிஷ் அங்கீகாரமும் கிடைக்கவில்லை, சான்சிபார்ப் பணமும் வரவில்லை. 1871இல் அவர் போரில் வீழ்ந்தார். முன்பு சோஹாரில் அடங்காமல் இருந்த அதே துர்க்கி மஸ்கட்டின் சுல்தான் ஆனார்.

சான்சிபாரில் மாஜித்துக்குப் பின் பர்காஷே அரியணை ஏறியிருந்தார். 1873இல் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் ஒப்பந்தத்துக்கு அவர் இணங்க மறுத்தபோது, தீவு முற்றுகையிடப்படும் என்று பிரிட்டிஷ் தூதர் ஜான் கர்க் எச்சரிக்க, ஜூன் மாதம் அவரும் கையெழுத்திட்டார். துர்க்கிக்குச் சேர வேண்டிய 40,000 வெள்ளியை அந்த ஆண்டுவாக்கில் பிரிட்டிஷ் தரப்பே தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. தம்பி அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய ஈடு, ஆண்டுக்கு 86,400 ரூபாய் என்று கணக்கிடப்பட்டு, சான்சிபார் உதவித்தொகை என்ற பெயரிலேயே இந்திய நிர்வாகத்தின் வழியாக மஸ்கட்டுக்கு வரத் தொடங்கியது. சான்சிபார் அதில் ஒரு காசும் கொடுக்கவில்லை. பணம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பதை மஸ்கட்டில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியிடம்தான் சுல்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.